மாத்திரை எதற்கு: இரைச்சலுக்கா, வலிக்கா?

கேள்வி:

எனக்கு 46 வயது. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். 19 வயதில் தறிக்கு வந்தவள். மூன்று ஆண்டுகளாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவதுபோல் ஓர் இரைச்சல். முன்பெல்லாம் படுக்கும்போது மட்டும் கேட்கும். நான்கு மாதங்களாகப் பகலிலும் விடுவதில்லை. வலது பக்கம் அதிகம். கூடவே காதுக்குள் வலி. காலையில் எழுந்தால் காதுக்கு முன்னால் கனக்கிறது. முறுக்கு, கடலை மிட்டாய் கடித்தால் சுரீர் என்கிறது. பல்லை இறுக்கிக் கடித்தால் இரைச்சலின் சுருதியே ஏறுகிறது.

முதலில் பார்த்த மருத்துவர், "காது சவ்வு நன்றாக இருக்கிறது" என்று சொல்லி பீட்டாஹிஸ்டின் மாத்திரையும் நரம்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். இரண்டு மாதம் சாப்பிட்டும் மாற்றமில்லை. அடுத்துப் பார்த்தவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று எழுதினார். மருந்துக் கடையில், "இது மனநோய்க்குக் கொடுப்பதாயிற்றே, உங்களுக்கா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அட்டையைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நாத்தனார் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடுகிறார். மூட்டு வலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை தினமும் ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று சாப்பிடுகிறேன். தூக்கம் இல்லை. சில இரவுகளில், இப்படியே கிடப்பதைவிடப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா, வேண்டாமா? தறியை விட்டுவிட வேண்டுமா? நேராகச் சொல்லுங்கள்.

— வாசகி, பள்ளிபாளையம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகவே சொல்கிறேன். இரைச்சலை நிறுத்துவதற்காக என்றால் அந்த மாத்திரை வேண்டாம். காது இரைச்சலை நிறுத்தும் என்று நிரூபணமான மாத்திரை இன்றுவரை எந்த நாட்டிலும் கிடையாது. வலிக்காகவும் கெட்டுப்போன தூக்கத்துக்காகவும் என்றால், சில வாரங்கள் சாப்பிட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று ஒருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், அது காதில் கிளம்பும் வலியாக எனக்குத் தோன்றவில்லை.

இதை விரிப்பதற்கு முன், கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்த வரிக்கு வருகிறேன். போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரவு முழுக்கத் தூங்காதவர்களுக்கு, இரைச்சலோடு தனியாகப் படுத்திருப்பவர்களுக்கு, இந்த நினைப்பு வருவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை மனதுக்குள் வைத்திருக்கக் கூடாது. இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். நாத்தனாரிடமே சொல்லலாம்; உங்கள் காதுக்காக அடுப்படியில் நின்று எண்ணெய் காய்ச்சுகிறவர் உங்கள் பேச்சையும் கேட்பார். நினைப்பு அழுத்தும் இரவில் 14416 என்ற எண்ணை அழையுங்கள்; டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எப்படிச் செய்வது என்றுவரை யோசனை போயிருந்தால் காத்திருக்க வேண்டாம். யாரையாவது கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அமிட்ரிப்டிலினை எழுதிக் கொடுத்த மருத்துவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் மாத்திரை அது. இப்படி நினைப்பு இருக்கும்போது அட்டை முழுவதையும் உங்கள் கையில் வைத்திருக்கக் கூடாது. இன்றே அதை வீட்டில் பொறுப்பானவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மருத்துவர் சாப்பிடச் சொன்னால், அவர் கையால் அன்றாடம் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.

இனி வலிக்கு வருவோம். காதின் வலியை மூளைக்கு எடுத்துப்போவது ஒரே நரம்பு அல்ல. ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் மண்டை நரம்புகளும், கழுத்தில் கிளம்பும் இரண்டாம், மூன்றாம் தண்டுவட நரம்புகளும் அந்தச் சின்ன இடத்தில் வந்து முடிகின்றன. காதைக் குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வரும். அது பத்தாம் நரம்பின் வேலை. இதே நரம்புகள்தான் பல், தாடை, நாக்கின் அடி, டான்சில், குரல்வளை, கழுத்து ஆகியவற்றுக்கும் போகின்றன. அதனால் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தாலும், தாடை மூட்டில் பிடிப்பு இருந்தாலும், தொண்டைக்குள் புண் இருந்தாலும் மூளை அதைக் காது வலியாக உணர்ந்துவிடும். காது சவ்வு சுத்தமாக இருக்கிறது, வலியோ விடவில்லை என்றால், பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

காலையில் எழும்போது கனம், கடினமானதைக் கடித்தால் சுரீர், பல்லை இறுக்கினால் இரைச்சலின் சுருதி ஏறுவது: நீங்கள் எழுதிய இந்த மூன்றும் தாடை மூட்டைத்தான் காட்டுகின்றன. காதுத் துளைக்கு முன்னால் சிறு குருத்தெலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு விரற்கடை முன்னால் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் உருண்டு போவது தெரியும், அதுதான் மூட்டு. வலது பக்கம் அது 'டக்' என்று தட்டுகிறதா, அழுத்தினால் வலிக்கிறதா, வாய் திறக்கும்போது தாடை ஒரு பக்கமாகக் கோணுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டால் கல்போல் ஒரு தசை எழும்பும். அதை அழுத்தும்போது, "இதே வலிதான் காதுக்குள் வருகிறது" என்று உங்களுக்கே தெரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. மிச்சப் பாதியைப் பல் மருத்துவர் சொல்வார். தூக்கத்தில் பல் நறநறக்கும் பழக்கம் இருந்தால் பற்களின் உச்சி தேய்ந்து தட்டையாகியிருக்கும். அவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். நறநறப்பது நமக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் கேட்கும். அவரையும் விசாரியுங்கள்.

தாடைதான் என்று தெரிந்தால், அதற்கான வைத்தியம் பெரும்பாலும் எளிமையானது. சில வாரங்களுக்கு முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு வேண்டாம். கொட்டாவி விடும்போது தாடைக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்குங்கள். காலையும் இரவும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான துணி ஒத்தடம். வேலை நேரத்தில் உதடுகள் மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்கும்போது, நூல் அறுந்து பதற்றப்படும்போது, எத்தனை முறை பல்லைக் கடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கவனித்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். தேவைப்பட்டால் இரவில் போட்டுக்கொள்ள ஒரு பல் உறை செய்து தருவார்கள். பல்லை இறுக்கினால் இரைச்சல் மாறுகிறது என்பதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். தாடை, கழுத்துத் தசைகளின் பங்கு உங்கள் இரைச்சலில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். தசை தளர்ந்தால் இந்த நான்கு மாதமாகக் கூடிய பகுதியாவது குறைய வழியுண்டு.

தாடை என்று நான் ஊகித்தாலும் தொண்டையைப் பார்க்காமல் விட மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வெற்றிலை, புகையிலை போடும் ஒருவர் காதுவலி என்று என்னிடம் வந்தார். அதற்கு முன் ஆறு மாதம் வேறு வேறு இடங்களில் காதுக்குச் சொட்டு மருந்து மட்டுமே விட்டிருந்தார்கள். காதில் ஒன்றுமே இல்லை. கையுறை போட்ட விரலால் நாக்கின் அடியைத் தடவினேன். கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. புற்றுநோய். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. உங்களுக்கு அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் அறிகுறிகள் வேறு வழியைக் காட்டுகின்றன. ஆனால் 40 வயதைத் தாண்டியவருக்குக் காது சுத்தமாக இருந்தும் வாரக்கணக்கில் காதுவலி நீடித்தால், மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையை ஒருமுறை பார்த்துவிடுவதே முறை. ஐந்து நிமிட வேலை. விழுங்கும்போது வலி, குரல் கம்மல், கழுத்தில் கட்டி, எடை குறைதல் ஏதேனும் இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பூண்டு எண்ணெயை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நாத்தனாரின் அன்பைக் குறை சொல்லவில்லை. காதுக்குள் எண்ணெய் விட்டு ஈரமாகவே வைத்திருந்தால் காளான் வளரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்ததுபோல் இருக்கும், நடுவில் கரும்புள்ளிகள். அது வந்துவிட்டால் அரிப்பு, அடைப்பு, வேறொரு வலி என்று இன்னொரு தொல்லை சேரும். எண்ணெய் சற்று சூடாக இருந்துவிட்டால் சவ்வே வெந்துபோகும். அதே எண்ணெயைக் கன்னத்துத் தசையில் தேய்த்துவிடச் சொல்லுங்கள். அங்கே பலன் உண்டு.

இப்போது இரைச்சல். 27 ஆண்டுகள் தறிப்பட்டறையில் நின்றிருக்கிறீர்கள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது தொழிற்சாலை விதி. நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் கொட்டகையில், ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் பேச நீங்கள் கத்த வேண்டியிருக்கிறது என்றால், அந்த எல்லையைத் தாண்டியாகிவிட்டது என்று கொள்ளலாம். உள்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்புக்குள் மயிரிழைச் செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பேரொலியில் அவை ஒவ்வொன்றாகச் சாகும். செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் உயர்ந்த ஒலிகளுக்கான செல்கள்தான் முதலில் போகும். காதிலிருந்து வர வேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் பக்கத்து ஒலிப்பானைத் திருகிக் கூட்டுகிறது. நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலியின் ஒலியைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடுவதுபோல், உங்கள் சில்வண்டு கத்தத் தொடங்குகிறது. சத்தம் பிறப்பது பெரும்பாலும் மூளையில்தான். அதனால்தான் காதில் விடும் சொட்டு மருந்து எதுவும் அதைத் தொடுவதில்லை.

இதற்குத்தான் பீட்டாஹிஸ்டின் உதவவில்லை. அது மெனியர் என்ற உள்காது நோயின் தலைச்சுற்றலுக்கான மருந்து. உங்களுக்குத் தலைச்சுற்றல் இருப்பதாகவே எழுதவில்லை. வெறும் காது இரைச்சலுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டி நெறி 2020இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. மனச்சோர்வு மருந்து, வலிப்பு மருந்து, பதற்ற மருந்து ஆகியவற்றை இரைச்சலுக்கென்று வழக்கமாகக் கொடுக்கக் கூடாது, ஜின்கோ, துத்தநாகம் போன்ற சத்து மாத்திரைகளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2014 வழிகாட்டி கூறுகிறது. உடலில் பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் ஒழிய, நரம்புச் சத்து மாத்திரைக்குப் போகும் பணத்தைப் பழத்துக்கும் முட்டைக்கும் செலவிடுங்கள்.

அப்படியானால் இரண்டாவது மருத்துவர் ஏன் அமிட்ரிப்டிலினை எழுதினார்? எனக்குத் தோன்றுவது, அவர் உங்கள் வலியையும் தூக்கத்தையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார். அதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல நேரம் ஒதுக்கவில்லை. அந்த இரண்டு நிமிடப் பேச்சு இருந்திருந்தால் மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் போயிருக்காது.

அமிட்ரிப்டிலின் 1961இலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து. மனச்சோர்வுக்குத்தான் வந்தது, உண்மை. அதற்குக் கொடுக்கும் அளவு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும். 10 மில்லிகிராம் என்பது மனச்சோர்வுக்கான அளவே அல்ல; நரம்பு வலி, ஒற்றைத் தலைவலித் தடுப்பு, விடாத தாடைத் தசைவலி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் அளவு. வலிச் செய்தி மூளைக்குப் போகும் பாதையில் அது கதவைச் சற்றுச் சாத்துகிறது. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். 75 மில்லிகிராம் என்றால் இதய நோயாளிக்கு, 300 என்றால் தலைவலிக்கு. மாத்திரை ஒன்றே, வேலை வேறு. கடையில் கேட்ட கேள்வி உங்களைக் கூசவைத்திருக்கிறது. ஆனால் மனநோய்க்கான மருந்தாகவே இருந்தாலும்தான் என்ன, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர் அதற்காகத் தலைகுனிகிறாரா? மருந்துச் சீட்டைப் பார்த்து நோயை ஊகிப்பது கடைக்காரரின் வேலை அல்ல.

அந்த மாத்திரை எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), இதயத் துடிப்புக் கோளாறு, சமீபத்தில் வந்த மாரடைப்பு, சிறுநீர் அடைப்பு, வலிப்பு இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. இதயத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு ஈசிஜி எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. டிராமடால் கலந்த வலி மாத்திரையோடும், வேறு மனச்சோர்வு மருந்தோடும் சேரக் கூடாது. சளிக்கு என்று கடையில் கொடுக்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையோடு சேரும்போது படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டலாம். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். வாய் உலரும், மலம் இறுகும், சிலருக்கு எடை கூடும். மிகச் சிலருக்கு அதுவே இரைச்சலைக் கூட்டுவதும் உண்டு. அப்படி ஆனால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடலாம்.

உங்கள் வேலையை நினைத்தால் எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. முதல் சில நாட்கள் காலையில் தலை கனக்கும். ஓடும் பெல்ட்டுக்கும் அடிக்கும் தறிக்கும் நடுவே தூக்கக் கலக்கத்தோடு நிற்கக் கூடாது. அதனால் விடுமுறைக்கு முந்தைய இரவில் தொடங்குங்கள். படுக்கும் நேரத்தில் போடாமல், இரவுச் சாப்பாடு முடிந்து எட்டு மணிக்கே போட்டுவிட்டால் காலையில் தெளிவு சீக்கிரம் வரும். இரவு ஷிப்ட் உள்ள வாரங்களில் எப்போது போடுவது என்று எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, தாடைக்கான வைத்தியத்தை மூன்று, நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையவில்லை, தூக்கமும் திரும்பவில்லை என்றால், உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தாலும் ஆறு வாரம் சாப்பிட்டுப் பார் என்றே சொல்வேன். இதன் பலன் ஒரு வாரத்தில் தெரியாது; இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். நாள்காட்டித் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு காலையும் இரண்டு எண்களை எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, தூங்கியது எத்தனை மணி நேரம். இரைச்சலுக்கு எண் போடாதீர்கள். இன்று கூடியதா, குறைந்ததா என்று தினமும் அதற்குக் காது கொடுத்துப் பார்த்தாலே அது பெரிதாகும். ஆறாவது வாரம் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். எண்கள் இறங்கியிருந்தால் சில மாதங்கள் தொடரலாம். இறங்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதா, படிப்படியாக நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்யட்டும். நன்றாக இருக்கிறதே என்று ஒருநாள் நீங்களாகச் சட்டென்று விட்டுவிடாதீர்கள்.

தூக்கத்துக்கு என்று அல்பிரசோலம், குளோனசெபாம் யாராவது கொடுத்தால் மிக எச்சரிக்கையாக இருங்கள். முதல் வாரம் சொர்க்கமாக இருக்கும். பழகிய பிறகு விட முயன்றால் இரைச்சல் முன்பைவிட ஓங்கிக் கேட்கும்.

மூட்டு வலிக்கு நீங்களாகப் போடும் மாத்திரையைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த அட்டையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆஸ்பிரின் அளவு கூடினால் காதில் மணி அடிப்பது பழைய பாடம். டைக்ளோபினாக், இப்யூபுரூபென் வகை மாத்திரைகளும் சிலருக்கு இரைச்சலைக் கூட்டும். ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், நாள்பட்டால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். நான்கு மாதத்துக்கு முன்தான் அதைத் தினமும் போடத் தொடங்கினீர்களா? அப்படியானால் புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன் அந்த மாத்திரையைக் கழித்துப் பார்ப்பதுதான் அறிவு. மருத்துவரிடம் அந்த அட்டையைக் காட்டி மாற்று கேளுங்கள்.

அடுத்ததாகக் கேட்புத்திறன் சோதனை. இரண்டு மருத்துவரிடம் போயும் ஆடியோகிராம் எடுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். வலது, இடது காதுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இருந்தால் செவி நரம்பில் கட்டி உண்டா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்த்துவிட வேண்டும். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காதொலிக் கருவிதான் உங்கள் இரைச்சலுக்கு எந்த மாத்திரையையும்விட நல்ல மருந்து. வெளி ஒலி உள்ளே வரத் தொடங்கியதும் மூளை தன் ஒலிப்பானைத் தானே சற்று இறக்கிக்கொள்ளும். விலை அதிகம் என்று பயப்படாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இரவுக்கு ஒரு வழி. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், கேட்புத்திறனில் குறையில்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் இரைச்சல் கேட்பதாக எழுதினார்கள். முழு நிசப்தத்தில் யாருக்குமே காது சும்மா இருப்பதில்லை. எனவே நீங்கள் நிசப்தத்தில் படுக்காதீர்கள். மின்விசிறி ஓடட்டும், அல்லது வானொலியை மெல்லிசாக வையுங்கள். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம். அதற்குச் சற்றுக் கீழே, இரண்டும் சேர்ந்து கேட்கும்படி. அப்போதுதான் மூளை அதைப் பழக்கப்பட்ட சத்தமாக ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். தறி ஓடும் சத்தத்திலேயே தொட்டிலில் குழந்தைகள் தூங்கும் ஊர் உங்களுடையது. மூளையால் இது முடியும் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். இதை முறையாகக் கற்றுத்தரும் அறிவுசார் நடத்தை சிகிச்சைக்குத்தான் இரைச்சலின் துன்பத்தைக் குறைப்பதில் மருந்துகளைவிட வலுவான சான்று இருக்கிறது. சத்தத்தை அது நிறுத்தாது. சத்தம் கேட்டவுடன் எழும் பயத்தைத் தளர்த்தும். மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் உளவியலாளரைக் கேளுங்கள். உங்கள் கடைசி வரிக்காகவும் அங்கே ஒருமுறை போய் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஒரு காது திடீரென்று அடைத்துப்போய்க் கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள். முதல் சில நாட்களில் ஸ்டீராய்டு கொடுத்தால் கேட்புத்திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். நாடித் துடிப்போடு சேர்ந்து இரைச்சல் அடித்தாலும், முகம் ஒரு பக்கம் கோணினாலும், தலைச்சுற்றல் வந்தாலும், சீழ் வந்தாலும் அப்படியே. சர்க்கரை அளவைப் பார்த்து நாளாகிவிட்டதென்றால் அதையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு இரவில் தூங்கவிடாத காதுவலி வந்தால் அது எலும்புவரை பரவும் தொற்றாக இருக்கலாம்.

தறியை விட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். 27 ஆண்டு உங்களுக்குச் சோறு போட்ட வேலையை விடு என்று ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்ல மாட்டேன். ஆனால் இனி ஒருநாளும் வெறுங்காதோடு தறிக்கு முன் நிற்காதீர்கள். பஞ்சைச் சுருட்டி வைப்பது போதாது. அது ஒலியை அதிகம் தடுப்பதில்லை. விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரிந்து துளையை அடைக்கும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளும் நுரை அடைப்பான் கிடைக்கிறது. விலை சொற்பம்தான். பட்டறையைவிட்டு வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். வீட்டிலும் அடைத்துக்கொண்டிருந்தால் சாதாரணச் சத்தமே தாங்க முடியாமல் போகும். ஆடியோகிராம் தாளைப் பத்திரமாக வையுங்கள். வேலையிடத்துப் பேரொலியால் வரும் காதுகேளாமை சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழில் நோய். இஎஸ்ஐ அட்டை இருந்தால் அந்தத் தாளோடு அங்கே போய், தொழில் நோய் என்று பதிவு செய்யக் கேளுங்கள். உங்களோடு அதே கொட்டகையில் நிற்கும் மற்றப் பெண்களையும் சோதனைக்குக் கூட்டிப்போங்கள். அவர்களில் சிலருக்காவது சில்வண்டு கத்தத் தொடங்கியிருக்கும்.

முதலில் பல் மருத்துவர், பிறகு தொண்டைச் சோதனையும் ஆடியோகிராமும். முடிவுகள் கைக்கு வந்ததும் வலி மாத்திரை அட்டையின் பெயரையும் சேர்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள். காத்திருப்பேன்.